சிறிய ஹேஷ் அட்டவணைகளில் வீணாகும் நினைவகத்தைக் குறைக்கும் வழிகள்

ஹேஷ் அட்டவணை என்பது, சாவியிலிருந்து ஹேஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, அதைக் கொண்டு மதிப்பு இருக்கும் அறையைக் கண்டுபிடிக்கும் அமைப்பு. பைத்தான் மொழியில் அதன் பெயர் டிக்‌ஷனரி. மூன்று சாவிகள் கொண்ட ஒரு டிக்‌ஷனரி 184 பைட் பிடிக்கிறது. அதில் நாம் வைக்கச் சொன்னது மூன்று சாவிகளுக்கும் மூன்று மதிப்புகளுக்குமான ஆறு பாயிண்டர்கள் (தலா 8 பைட் நினைவக முகவரிகள்), அதாவது 48 பைட் மட்டுமே. மீதி 136 பைட்டும் அட்டவணையை அட்டவணையாக வைத்திருப்பதற்கான செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்ற கணக்குத்தான். நிரலில் இப்படி ஐம்பது டிக்‌ஷனரிகள் இருந்தால் இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கோப்பில் இருந்து பத்து லட்சம் பதிவுகளைப் படித்து, ஒவ்வொன்றையும் ஒரு டிக்‌ஷனரியாக நினைவகத்தில் வைத்திருப்பவருக்கு, அட்டவணைகளின் சுமைக்கூலி மட்டுமே 13.6 கோடி பைட் ஆகிவிடுகிறது.

பெரிய அட்டவணையில் வீணாகும் இடம் பெரும்பாலும் காலி அறைகளால் வருவது. சிறிய அட்டவணையில் அப்படியல்ல. அட்டவணையின் நிலையான தலைப்பகுதி, குறைந்தபட்ச அளவு என்று முன்கூட்டியே ஒதுக்கப்படும் அறைகள், சாவிகளாக நிற்கும் ஸ்ட்ரிங்குகளின் மறுபிரதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து உள்ளடக்கத்தைவிடப் பெரிதாகிவிடுகின்றன. ஆகவே பெரிய அட்டவணைகளுக்குச் சொல்லப்படும் பொதுவான அறிவுரைகள் இங்கே அதிகம் உதவா. கீழே பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தானை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு போகிறது, எதை எப்படி மாற்றலாம் என்று பார்க்கலாம். எண்கள் அனைத்தும் 64 பிட் கணினியில் ஓடும் பைத்தான் 3.11, 3.12 பதிப்புகளுக்கு உரியவை. பதிப்பு மாறினால் சில பைட் முன்பின்னாக இருக்கும்.

184 பைட் எங்கே போகிறது

டிக்‌ஷனரி ஆப்ஜெக்ட் 48 பைட். அதற்கு முன்னால் குப்பை சேகரிப்பான் (பயனற்ற ஆப்ஜெக்டுகளை அகற்றும் பகுதி) தன் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் தலைப்பகுதி 16 பைட். ஆகக் காலி டிக்‌ஷனரியே 64 பைட். முதல் சாவியைச் செருகியதும் தனியாக இன்னொரு துண்டு நினைவகம் ஒதுக்கப்படுகிறது. அதில் 32 பைட் தலைப்பகுதி, அதன் பின் எட்டு அறைகளுக்குத் தலா ஒரு பைட் வீதம் பதிவின் இடத்தைச் சொல்லும் 8 பைட் குறியட்டவணை, அதன் பின் ஐந்து பதிவுகளுக்குத் தலா 16 பைட் வீதம் 80 பைட். எட்டு அறைகள் இருந்தும் ஐந்து பதிவுகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கப்படுவதற்குக் காரணம், அட்டவணை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்புவதைச் சிபைத்தான் அனுமதிப்பதில்லை. நம்மிடம் மூன்று சாவிகளே இருப்பதால் இரண்டு பதிவுகளின் 32 பைட் சும்மா கிடக்கிறது.

இந்த அமைப்பே பெரிய முன்னேற்றம்தான். பழைய அமைப்பில் ஒவ்வோர் அறையும் ஹேஷ் எண், சாவி, மதிப்பு ஆகிய மூன்றுக்குமாக 24 பைட் பிடித்தது. காலி அறைகளும் அதே 24 பைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன. பைத்தான் 2.7 இல் ஒன்றுமே இல்லாத டிக்‌ஷனரி 280 பைட். பதிவுகளை நெருக்கமாக ஒரு வரிசையில் வைத்து, சிதறிக் கிடக்க வேண்டிய வேலையை ஒரு பைட் எண்களிடம் ஒப்படைக்கலாம் என்று ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012 டிசம்பரில் முன்மொழிந்தார். முதலில் பைத்தானின் இன்னொரு செயலாக்கமான பைபை அதைச் செயல்படுத்தியது. பிறகு இனாடா நவோகியின் உழைப்பால் 2016 டிசம்பரில் வெளிவந்த 3.6 பதிப்பில் அது சிபைத்தானுக்கும் வந்தது. செருகிய வரிசையிலேயே சாவிகள் திரும்பக் கிடைப்பதும் அதன் உபயம்தான். 3.11 பதிப்பு இன்னொரு படி மேலே போய், சாவிகள் அனைத்தும் ஸ்ட்ரிங்காக இருந்தால் ஹேஷ் எண்ணைப் பதிவில் எழுதுவதையே விட்டுவிட்டது. ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட் தன் ஹேஷைத் தன்னிடமே வைத்திருப்பதால் அதை மறுபடி எழுத வேண்டியதில்லை. அதனால்தான் ஸ்ட்ரிங் சாவிகளுக்கு 184 பைட்டும், எண்களோ டியூப்பிள்களோ சாவியாக இருந்தால் 224 பைட்டும் ஆகின்றன.

இதைப் படித்துவிட்டு, எண் சாவிகளை ஸ்ட்ரிங்காக மாற்றலாமே என்று யாராவது கிளம்பினால் அது நட்டத்தில் முடியும். பதிவில் மிச்சமாகும் 8 பைட்டைவிட, புதிதாகப் பிறக்கும் ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட் பல மடங்கு பெரிது. ஆனால் இதன் மறுபக்கம் கவனிக்கத் தக்கது: ஸ்ட்ரிங் சாவிகள் மட்டுமே இருக்கும் டிக்‌ஷனரியில் ஓர் எண் சாவியைச் செருகினால், அட்டவணை முழுவதும் அகலமான பதிவுகளுக்கு மாற்றி எழுதப்படும். பதிவின் அடையாள எண்ணைச் சாவியாக்கி உள்ளே நுழைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது.

முதலில் அளக்க வேண்டும்

சிஸ் மாட்யூலில் உள்ள கெட்சைஸ்ஆஃப் ஒரு ஆப்ஜெக்டின் சொந்த அளவை மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் சாவிகளையும் மதிப்புகளையும் அது கணக்கில் எடுப்பதில்லை. அட்டவணையின் செலவைத் தனியாகப் பார்க்க அது போதும், மொத்தச் செலவைப் பார்க்கப் போதாது. மொத்தத்துக்கு ட்ரேஸ்மாலாக் மாட்யூலைப் பயன்படுத்துங்கள். அதைத் தொடங்கி, அப்போதைய அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு லட்சம் பதிவுகளை உருவாக்கி ஒரு லிஸ்ட்டில் போட்டு, மறுபடி அளவைக் குறித்து, வித்தியாசத்தை ஒரு லட்சத்தால் வகுத்தால் ஒரு பதிவின் உண்மை விலை கிடைக்கும். லிஸ்ட்டில் உள்ள பாயிண்டருக்காக ஒரு பதிவுக்கு 8 பைட்டும் சற்றும் கூடுதலாக வரும், அதைக் கழித்துக்கொள்ளலாம். அட்டவணையையும் மதிப்புகளையும் பிரித்து அறிய விரும்பினால், அதே சோதனையை எல்லா மதிப்புகளுக்கும் 'மதிப்பு இல்லை' என்பதைக் குறிக்கும் நன் என்ற ஒரே ஆப்ஜெக்டை வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் மதிப்புகளின் பங்கு. பல சமயங்களில் இந்தச் சோதனையே வேலையை முடித்துவிடும். மதிப்புகள் முந்நூறு பைட் ஸ்ட்ரிங்குகளாக இருந்தால் அட்டவணையைச் செதுக்கிப் பெரிய பயனில்லை என்று தெரிந்துவிடும்.

ட்ரேஸ்மாலாக் காட்டுவது நிரல் கேட்ட அளவை. பைத்தானின் ஒதுக்கீட்டாளர் சிறிய துண்டுகளை 16 பைட்டின் மடங்குக்கு உயர்த்தியே தருகிறது. 120 பைட் கேட்கும் நம் சாவித் துண்டுக்கு 128 பைட் போகிறது. ஆக 184 என்பது நடைமுறையில் 192. இயங்குதளம் காட்டும் எண் இதைவிடவும் சற்று அதிகமாக இருப்பது இயல்பு.

படிகளைத் தெரிந்துகொண்டு அவற்றுக்குக் கீழே நிற்பது

டிக்‌ஷனரி சாவிக்குச் சாவி வளர்வதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. ஐந்து சாவிகள் வரை எட்டு அறைகள், பத்து வரை பதினாறு, 21 வரை முப்பத்திரண்டு. ஸ்ட்ரிங் சாவிகளுக்கு இவற்றின் அளவு முறையே 184, 272, 464 பைட். ஆறாவது சாவி ஒன்று மட்டுமே 88 பைட் கேட்கிறது. பதினொன்றாவது 192 பைட் கேட்கிறது. உங்கள் பதிவுகளில் ஆறு புலங்கள் இருந்து, அவற்றில் ஒன்று எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே மதிப்பாகவோ (எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைப் போல), மற்றப் புலங்களிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளக் கூடியதாகவோ இருந்தால், அதை வெளியே எடுத்துவிடுங்கள். பதிவுக்கு 88 பைட் என்பது பத்து லட்சம் பதிவுகளில் 8.8 கோடி பைட். நான்கு புலங்களை மூன்றாகக் குறைப்பதில் மட்டும் அட்டவணையின் அளவு ஒரு பைட்கூடக் குறையாது. இந்த வேறுபாடு தெரியாமல் புலங்களை வெட்டுவோர் உழைப்பெல்லாம் வீண்.

அடிக்கடி நடக்கும் இன்னொன்று: முப்பது பத்திகள் கொண்ட ஒரு வரியை டிக்‌ஷனரியாகப் படித்து, வேண்டாத 26 சாவிகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, மீந்த நான்கையும் அதே டிக்‌ஷனரியில் வைத்துக்கொள்வது. நீக்குவதால் டிக்‌ஷனரி சுருங்குவதில்லை. முப்பது சாவிகளைத் தாங்க வளர்ந்த அட்டவணையில் 64 அறைகளும் 42 பதிவுகளுக்கான இடமும் உண்டு; அது 832 பைட். 26 சாவிகளை நீக்கிய பிறகும் அது 832 பைட்டாகவே நிற்கும். வேண்டிய நான்கு சாவிகளை மட்டும் புதிய டிக்‌ஷனரியில் எடுத்து எழுதிக்கொண்டு பழையதை விட்டுவிட்டால் 184. நீக்கும் வரியை எடுத்து எழுதும் வரியாக மாற்றினால் போதும். நிரலின் வேறெந்தப் பகுதியையும் தொட வேண்டியதில்லை. டிக்‌ஷனரியை முழுவதுமாகக் காலி செய்ய விரும்பினால் ஒவ்வொன்றாக எடுப்பதற்குப் பதிலாக கிளியர் என்பதை அழையுங்கள். அது மட்டுமே சாவித் துண்டைத் திருப்பிக் கொடுத்து அளவை 64 பைட்டுக்கு இறக்கும்.

காலி டிக்‌ஷனரியே 64 பைட் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவிலும் 'கூடுதல் விவரங்கள்' என்று ஒரு காலி டிக்‌ஷனரியைப் பிறப்பிலேயே வைத்துவிட்டு, நூற்றில் இரண்டு பதிவுகளில் மட்டும் அதைப் பயன்படுத்துவது தேவையற்ற செலவு. அங்கே நன் வைத்துவிட்டு, முதல் விவரம் வரும்போது டிக்‌ஷனரியை உருவாக்கினால் போதும். டிஃபால்ட்டிக்ட் பயன்படுத்துவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: இல்லாத சாவியைச் சதுர அடைப்புக்குறி வழியே வெறுமனே படித்துப் பார்த்தாலே அது ஒரு புதிய காலி ஆப்ஜெக்டை உள்ளே வைத்துவிடும். படிப்பதற்கு கெட் என்பதையே பயன்படுத்துங்கள்.

அட்டவணையே வேண்டாம் என்றால்

மேலே சொன்னவை எல்லாம் சில்லறைச் சேமிப்பு. பெரிய சேமிப்பு, இது உண்மையில் அட்டவணைதானா என்று கேட்பதில் இருக்கிறது. எல்லாப் பதிவுகளிலும் ஒரே சாவிகள், அவை நிரல் எழுதும்போதே தெரிந்தவை என்றால், அது அட்டவணை அல்ல, ஒரு கிளாஸ். பத்து லட்சம் பதிவுகளிலும் அதே மூன்று பெயர்களுக்கு அதே பாயிண்டர்களைத் திரும்பத் திரும்ப எழுதிவைப்பதற்கு நியாயமே இல்லை.

ஸ்லாட்ஸ் (புலங்களின் பெயர்களை முன்கூட்டியே நிலைப்படுத்தும் வசதி) அறிவித்த ஒரு கிளாஸில் மூன்று புலங்கள் இருந்தால் ஒரு ஆப்ஜெக்ட் 56 பைட்: குப்பை சேகரிப்பானின் 16, ஆப்ஜெக்டின் அடிப்படை 16, மூன்று பாயிண்டர்கள் 24. டிக்‌ஷனரியின் 184 பைட்டோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 3.10 பதிப்பிலிருந்து டேட்டாகிளாஸ் அறிவிப்பிலேயே ஸ்லாட்ஸ் வேண்டும் என்று குறிப்பிடலாம் என்பதால் கையால் எழுதும் வேலையும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: தாய்க் கிளாஸ் ஸ்லாட்ஸ் அறிவிக்காததாக இருந்தால், பிள்ளைக் கிளாஸில் என்னதான் அறிவித்தாலும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் டிக்‌ஷனரி வழி திறந்தே இருக்கும், சேமிப்பு கைக்கு வராது. பதிவுகள் மாறாதவை என்றால் பெயருள்ள டியூப்பிள் போதும். அது மூன்று புலங்களுக்கு 64 பைட். அதிலிருந்து பிள்ளைக் கிளாஸ் உருவாக்கும்போது காலி ஸ்லாட்ஸ் ஒன்றைப் போட மறந்தால் அங்கேயும் இதே கதை.

ஸ்லாட்ஸ் போட முடியாத பழைய நிரல்களில், சாதாரணக் கிளாஸுக்கு மாறுவதே நல்ல பலன் தரும். 2012 இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து, ஒரே கிளாஸின் ஆப்ஜெக்டுகள் தங்கள் சாவித் துண்டைப் பகிர்ந்துகொள்கின்றன. மார்க் ஷானன் முன்மொழிந்த ஏற்பாடு இது. ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றும் தன் மதிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும். 3.11 பதிப்பிலிருந்து, யாரும் கேட்கும்வரை டிக்‌ஷனரி ஆப்ஜெக்டையே உருவாக்குவதில்லை. இந்தச் சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள, எல்லாப் புலங்களையும் தொடக்க மெத்தடிலேயே ஒரே வரிசையில் நிரப்புங்கள். மதிப்பு இல்லாதவற்றுக்கு நன் வையுங்கள். சில ஆப்ஜெக்டுகளுக்கு மட்டும் புதுப்புதுப் பெயர்களில் புலங்களை ஒட்டாதீர்கள். பகிரப்படும் சாவிகளுக்கு முப்பது என்ற உச்சவரம்பு உண்டு. ஆப்ஜெக்டை வார்ஸ் (புலங்களை டிக்‌ஷனரியாகக் காட்டும் ஃபங்ஷன்) கொண்டு பார்த்தாலோ அதன் உள் டிக்‌ஷனரியை நேரடியாகக் கேட்டாலோ, அந்த ஆப்ஜெக்டுக்கு அப்போதே ஒரு டிக்‌ஷனரி பிறந்து அதனுடனேயே தங்கிவிடும். பிழை தேடுவதற்காக எல்லா ஆப்ஜெக்டுகளையும் அப்படி அச்சிட்டுப் பார்க்கும் ஒரு வரி, மறந்துபோய் நிரலிலேயே தங்கிவிட்டால், நினைவகம் ஏன் ஏறுகிறது என்று வெகுநேரம் தேட வேண்டியிருக்கும்.

இதோடு ஒன்று: இந்தப் பகிர்வு கிளாஸின் ஆப்ஜெக்டுகளுக்கு மட்டுமே. சுருள் அடைப்புக்குறியில் எழுதும் சாதாரண டிக்‌ஷனரிகள், சாவிகள் ஒன்றாகவே இருந்தாலும், எதையும் பகிர்ந்துகொள்வதில்லை. புலங்கள் எல்லாம் எண்கள் என்றால் ஆப்ஜெக்டுகளையும் விட்டுவிட்டு, புலத்துக்கு ஒன்றாக மூன்று அர்ரேக்களில் வைப்பதே சிக்கனத்தின் எல்லை. 64 பிட் எண்களாயின் ஒரு பதிவுக்கு மதிப்புகளையும் சேர்த்தே 24 பைட்தான். அதற்கு விலை, பதிவு என்ற ஒன்று நிரலில் கண்ணுக்குத் தெரியாமல் போவது. எண்ணிக்கை கோடியைத் தொடாதவரை நான் ஸ்லாட்ஸோடு நின்றுவிடவே சொல்வேன்.

செட்டுகள்: யாரும் சந்தேகிக்காத இடம்

டிக்‌ஷனரியில் மதிப்பை எடுத்துவிட்டால் செட், ஆகவே செட் சிறியதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. சிபைத்தானில் இது சிறிய அளவுகளில் தலைகீழ். செட் ஆப்ஜெக்டுக்குள்ளேயே எட்டு அறைகள் பதிக்கப்பட்டிருப்பதால் காலி செட்டே 216 பைட். நான்கு உறுப்புகள் வரை அதே 216. ஐந்தாவது உறுப்பை ஆட் மூலம் சேர்த்தவுடன் அது 32 அறைகளுக்குத் தாவி 728 பைட் ஆகிவிடுகிறது. வளரும்போது உறுப்புகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி, அதற்கு மேல் உள்ள இரண்டின் அடுக்கை எடுத்துக்கொள்வதே காரணம். அதே ஐந்து எண்கள் டியூப்பிளில் 80 பைட். ஒரு டிக்‌ஷனரியில் சாவிகளாக வைத்து, மதிப்புகளுக்கு நன் போட்டால்கூட 224 பைட்தான். ஐந்து முதல் பத்து உறுப்புகள் வரை டிக்‌ஷனரி செட்டைவிடச் சிறியது என்பதை முதல்முறை பார்ப்பவர்கள் நம்புவதில்லை.

ஒன்றொன்றாகச் சேர்த்து முடித்த செட்டை அதன் காப்பியால் மாற்றினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகலாம். காப்பி எடுக்கும்போது எண்ணிக்கையின் இருமடங்குக்கே இடம் தேடப்படுவதால், ஐந்து உறுப்பு செட் 16 அறைகளோடு 472 பைட்டில் நிற்கிறது. செட்டாகவே இருக்க வேண்டும், இனி வளராது என்ற நிலையில் இது சுலபமான வழி.

இது பெரிதாகக் கடிக்கும் இடம், எந்தச் சொல் எந்த ஆவணங்களில் வருகிறது என்ற தேடல் அட்டவணை. சொல்லுக்கு ஒரு செட், அதில் ஆவண எண்கள் என்று டிஃபால்ட்டிக்ட் கொண்டு எழுதுவதே எல்லோர் கையும் முதலில் போகும் வழி. ஆனால் எந்த மொழியின் உரைத் தொகுப்பிலும் கணிசமான சொற்கள் ஒரே ஒருமுறைதான் வருகின்றன. வேற்றுமையும் சாரியையும் ஒட்டி ஒரே பெயர் பல வடிவம் எடுக்கும் தமிழில், சொற்களை வேர்ச்சொல்லாக்காமல் அப்படியே எடுத்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். ஒரே ஆவண எண்ணை வைத்திருக்க 216 பைட் செட் எதற்கு? முதல்முறை வரும் சொல்லுக்கு அந்த எண்ணையே நேரடியாக மதிப்பாக வையுங்கள். இரண்டாவது ஆவணம் வரும்போது டியூப்பிளாக்குங்கள், இரண்டு உறுப்புகளுக்கு 56 பைட். எட்டைத் தாண்டிய பிறகு செட்டாக்குங்கள். எட்டு உறுப்புகளை வரிசையாகப் பார்ப்பதற்கும் ஹேஷ் செய்து பார்ப்பதற்கும் இடையே உணரத்தக்க வேறுபாடு பெரும்பாலான நிரல்களில் இராது. வகையைச் சோதிக்கும் நிபந்தனைகளைச் 'சேர்', 'இருக்கிறதா' என்ற இரண்டு ஃபங்ஷன்களுக்குள் அடைத்துவிட்டால் நிரலின் மற்றப் பகுதிக்கு இந்த மூன்று வடிவங்கள் தெரியவே வேண்டாம்.

சாவிகளின் மறுபிரதிகள்

அட்டவணையை எவ்வளவு இறுக்கினாலும் சாவி ஸ்ட்ரிங்குகள் பதிவுக்குப் பதிவு புதிதாகப் பிறந்துகொண்டிருந்தால் பயனில்லை. வரிக்கு ஒரு ஜேசன் பதிவாக உள்ள கோப்பைப் படிக்கும்போது இதுதான் நடக்கிறது. ஜேசன் மாட்யூல் ஒரே அழைப்புக்குள் திரும்ப வரும் சாவிகளை ஒரே ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்கிறது; அழைப்பு முடிந்ததும் அந்த நினைவை அழித்துவிடுகிறது. வரிக்கு ஓர் அழைப்பு என்றால், வரிக்கு ஒரு தொகுதிச் சாவிகள். சாவிகள் 'பெயர்', 'ஊர்', 'வயது' என்று வைத்துக்கொள்வோம். தமிழ் எழுத்துக் குறியீடு ஒன்று பைத்தான் ஸ்ட்ரிங்கில் இரண்டு பைட். 3.12 பதிப்பில் 56 பைட் தலைப்பகுதியும் இறுதியில் இரண்டு பைட் முடிப்பும் சேர, ஐந்து குறியீடுகள் கொண்ட 'பெயர்' 68 பைட், 'ஊர்' 64, 'வயது' 66. மூன்றும் சேர்ந்து 198 பைட். அட்டவணையைவிடச் சாவிகள் பெரிது!

இதற்குப் பரிகாரம், ஜேசன் படிப்பானுக்கு ஜோடிகளைப் பெறும் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து, அதற்குள் ஒவ்வொரு சாவியையும் சிஸ் மாட்யூலின் இன்டர்ன் (ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே பிரதியைத் தரும் ஃபங்ஷன்) வழியே செலுத்துவது. எத்தனை லட்சம் பதிவுகள் வந்தாலும் 'பெயர்' என்ற ஸ்ட்ரிங் ஒன்றே ஒன்றுதான் நிற்கும். சாவிகளை ஒப்பிடும் வேலையும் பாயிண்டர் ஒப்பீட்டோடு முடிந்துவிடும். அதே ஃபங்ஷனுக்குள் ஸ்லாட்ஸ் கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்கிவிட்டால் சாவிகளும் போயின, அட்டவணையும் போயிற்று. மாவட்டப் பெயர், பாலினம் போன்ற சில பத்து மதிப்புகளே திரும்பத் திரும்ப வரும் புலங்களையும் இன்டர்ன் செய்யலாம். முகவரி போன்று முடிவின்றிப் பெருகுபவற்றைச் செய்யாதீர்கள். சிஎஸ்வி கோப்புகளை டிக்ட்ரீடர் கொண்டு படிப்போருக்கு இந்தத் தொல்லை இல்லை. தலைப்பு வரியின் ஸ்ட்ரிங்குகளே எல்லா வரிகளுக்கும் சாவிகளாகின்றன.

பிற மொழிகளிலும், சொந்தமாக எழுதும்போதும்

ஜாவாவின் ஹேஷ்மேப் முதல் செருகலின்போது 16 அறைகளை ஒதுக்குகிறது. சுருக்கப்பட்ட பாயிண்டர்கள் இயங்கும் வழக்கமான 64 பிட் அமைப்பில், ஒரே ஒரு ஜோடியை வைத்திருக்க மேப் ஆப்ஜெக்ட் 48, அறை வரிசை 80, கணு 32 என 160 பைட் ஆகிறது. மாறாத சிறிய மேப்புகளுக்கு ஜாவா 9 இல் வந்த மேப்.ஆஃப் போதும். மாறுபவற்றில், மூன்று சாவிகளுக்கு மேல் வராது என்று தெரிந்தால் தொடக்கக் கொள்ளளவை 4 என்று கொடுங்கள். அறை வரிசை 80 பைட்டிலிருந்து 32 பைட்டாகும். அந்த எண் அறைகளின் எண்ணிக்கையே தவிர சாவிகளின் எண்ணிக்கை அல்ல. நான்கில் மூன்று பங்கைத் தாண்டியதுமே அட்டவணை இரட்டிக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஜாவா 19 இல் நியூஹேஷ்மேப் என்ற மெத்தடைச் சேர்த்தார்கள்.

சி போன்ற மொழியில் நீங்களே அட்டவணை எழுதுவதாக இருந்தால், எட்டு ஜோடிகள் வரை ஹேஷ் அட்டவணையே எழுத வேண்டாம். ரூபி எட்டு ஜோடிகள் வரை வெறும் வரிசையாகவே வைத்திருந்து, ஹேஷின் ஒரு பைட்டை மட்டும் குறிப்புக்காக வைத்துத் தேடுகிறது. கோ மொழியின் மேப்பும் எட்டு ஜோடிகளை ஒரு குழுவாகவே கையாண்டு வந்திருக்கிறது. அந்தக் குழுவுக்குள் சாவி, மதிப்பு, சாவி, மதிப்பு என்று மாற்றி மாற்றி வைக்காமல், எட்டுச் சாவிகளையும் ஒன்றாகவும் எட்டு மதிப்புகளையும் ஒன்றாகவும் வைத்த கோவின் பழைய அமைப்பு பின்பற்றத் தக்கது. எட்டு பைட் சாவிக்கு ஒரு பைட் மதிப்பு என்றால், மாற்றி மாற்றி வைக்கும்போது சீரமைப்புக்காக ஏழு பைட் வெற்றிடம் விழுந்து ஜோடி 16 பைட்டாகிறது. பிரித்து வைத்தால் 9 பைட்தான். இதோடு, தலைப்பகுதியையும் பதிவுகளையும் ஒரே ஒதுக்கீட்டில் வையுங்கள். காலி அட்டவணைகள் அனைத்தும் எங்கோ நிலையாக இருக்கும் ஒரே காலி அட்டவணையைச் சுட்டட்டும். 256 பதிவுகளுக்கு உட்பட்டவரை பதிவைச் சுட்ட எட்டு பைட் பாயிண்டர் வேண்டாம், ஒரு பைட் எண் போதும்.

தரவை நினைவகத்திலேயே வைக்கும் தரவுத்தளமான ரெடிஸ் இந்தச் சிக்கனத்தைத் தானாகவே செய்கிறது. சிறிய ஹேஷ்களை அது அட்டவணையாக வைக்காமல் லிஸ்ட்பேக் என்ற நெருக்கமான பைட் வரிசையாக வைக்கிறது (7.0 பதிப்புக்கு முன் ஜிப்லிஸ்ட்). வழக்கமான அமைப்பில் 512 புலங்கள் வரை, எந்தப் புலப் பெயரும் எந்த மதிப்பும் 64 பைட்டைத் தாண்டாதவரை இது நீடிக்கும். இங்கே தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ரெடிஸுக்குப் போவது யுடிஎஃப்-8. அதில் தமிழ்க் குறியீடு ஒன்று மூன்று பைட், உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறியீடு. 'திருநெல்வேலி மாவட்டம்' 61 பைட்டோடு வரம்புக்குள் நிற்கிறது. 'திருச்சிராப்பள்ளி மாவட்டம்' 76 பைட்டாகி, தானிருக்கும் ஹேஷ் முழுவதையும் முழு அட்டவணையாக மாற்றிவிடுகிறது. பிறகு அந்தப் புலத்தைச் சுருக்கினாலும் நீக்கினாலும் அது பழைய வடிவத்துக்குத் தானாகத் திரும்பாது. மாவட்டத்துக்குப் பெயரை வைக்காமல் குறியீட்டு எண்ணை வையுங்கள். அது முடியாவிட்டால் 64 என்ற மதிப்பு வரம்பை 96 ஆகவோ 128 ஆகவோ உயர்த்தி, சில ஹேஷ்களை மறுபடி எழுதி, ஆப்ஜெக்ட் என்கோடிங் கட்டளை லிஸ்ட்பேக் என்று விடையளிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள்.